போலீஸ் இடுப்பிலிருந்து ஹாம் கைக்கு... ஒரு வாக்கி டாக்கியின் செகண்ட் இன்னிங்ஸ்!

போக்குவரத்துக் காவலரின் தோளில் தொங்கிக்கொண்டு 'கொர்ர்... கொர்ர்' என்று எதையோ பேசிக்கொண்டே இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டியை ஆசையாகப் பார்க்காத குழந்தை இருக்காது. சோப்பு டப்பாவைக் காதில் வைத்து 'ஓவர்... ஓவர்' என்று விளையாடாத வீடும் குறைவுதான். பெரும்பாலானவர்களுக்கு அந்த ஆசை பள்ளிக்கூடத்தோடு போய்விடும். சிலருக்குப் போவதில்லை. தலை நரைத்து, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அப்படியே இருக்கும்.

அமெரிக்காவில் அந்த ஆசை தீராதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு ஊரின் காவல் துறையோ தீயணைப்புத் துறையோ தன் வாக்கி டாக்கிகளை மொத்தமாக மாற்றும்போது, பழையவை ஏலத்துக்கு வருகின்றன. ஏலம் எடுத்தவரிடமிருந்து இணையச் சந்தைக்கு, அங்கிருந்து ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் கூடும் திடல் சந்தைக்கு என்று கைமாறிப் போகின்றன. ஒஹாயோ மாநிலத்தில் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் 'ஹாம்வென்ஷன்' திருவிழாவின் பழம்பொருள் சந்தை இதற்குப் பேர்போனது. புதிதாக வாங்கினால் பல ஆயிரம் டாலர் ஆகும் கருவி, உரசல்களும் கீறல்களுமாக, சில நேரம் பழைய துறையின் எண் பொறித்த ஸ்டிக்கரோடு, மலிவாகக் கிடைக்கும்.

இதை வாங்கிக்கொண்டு போகிறவர் போலீஸ் பேச்சை ஒட்டுக்கேட்கப் போகிறார் என்று நினைத்துவிட வேண்டாம். தன் பொழுதுபோக்குக்கு உரிய அலைவரிசையில், தன்னைப் போன்ற இன்னொரு ஆர்வலரிடம் 'சாப்பிட்டாச்சா, அங்கே மழை எப்படி' என்று கேட்கத்தான் வாங்கிப் போகிறார்.

ஹாம் என்றால்?

அமெச்சூர் ரேடியோ என்பதைத்தான் செல்லமாக 'ஹாம் ரேடியோ' என்கிறார்கள். அரசாங்கம் நடத்தும் விதிமுறைப்படி தேர்வு எழுதி, உரிமம் வாங்கி, தனக்கென ஓர் அழைப்புக்குறி பெற்று, ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளில் பேசும் பொழுதுபோக்கு இது. காசு வாங்கிக்கொண்டு பேசக் கூடாது, வியாபாரம் செய்யக் கூடாது. அமெரிக்காவில் முதல் நிலை உரிமத்துக்கு 35 கேள்விகள். அதில் 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. பள்ளி மாணவரும் எழுதலாம், ஓய்வுபெற்ற தாத்தாவும் எழுதலாம்.

வானொலி அலையைக் கண்டம் தாண்டி எறிவது இந்தப் பொழுதுபோக்கின் ஒரு பக்கம். உள்ளூருக்குள் பேசுவது இன்னொரு பக்கம். அதற்குப் பெரும்பாலும் 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையையும், 420 முதல் 450 வரையிலான அலைவரிசையையும் அங்கே பயன்படுத்துகிறார்கள். கையில் இருக்கும் கருவியின் திறன் 5 வாட்தான். வீட்டில் எரியும் ஒரு சின்ன எல்.இ.டி பல்பு அளவு. கட்டடங்களுக்கு நடுவே அது சில கிலோமீட்டர் போவதே பெரிய விஷயம். ஆனால், மலை உச்சியிலோ உயரமான கோபுரத்திலோ 'ரிப்பீட்டர்' என்ற கருவியை ஹாம்கள் வைத்திருப்பார்கள். அது பலவீனமாக வரும் குரலை வாங்கி, வலுவாகத் திருப்பி அனுப்பும். அதன் தயவில் 5 வாட் குரல், மாவட்டம் முழுக்கக் கேட்கும்.

இந்த உள்ளூர் அலைவரிசைகள்தான் போலீஸ் வாக்கி டாக்கிக்கு வழி திறக்கின்றன. அமெரிக்கக் காவல், தீயணைப்புத் துறைகளின் பழைய கருவிகளில் ஒரு வகை, 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும்படி தயாரிக்கப்பட்டது. ஹாம்களின் 144-148 அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. கருவியைப் பிரிக்கவோ, பாகங்களை மாற்றவோ தேவையில்லை. என்ன அலைவரிசையில் பேச வேண்டும் என்பதை மட்டும் அதற்குச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

பாட்டியின் தோசைக்கல்

ஹாம்களுக்கென்றே தயாரிக்கப்படும் கையடக்கக் கருவிகள் கடைகளில் கொட்டிக்கிடக்கின்றன. சீனத் தயாரிப்புகள் ஒரு குடும்பம் ஹோட்டலில் சாப்பிடும் செலவுக்குள்ளேயே கிடைக்கின்றன. விசைப்பலகை, வண்ணத் திரை, எஃப்.எம் ரேடியோ, டார்ச் லைட் எல்லாம் இருக்கும். அப்புறம் ஏன் பத்து, இருபது வருடம் உழைத்து ஓய்ந்த, திரைகூட இல்லாத ஒரு கறுப்புச் செங்கல்லைத் தேடிப் போக வேண்டும்?

நான்-ஸ்டிக் தவா வந்த பிறகும் பாட்டியின் இரும்புத் தோசைக்கல்லைச் சில வீடுகளில் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார்களே, காரணம் கிட்டத்தட்ட அதுதான்.

தீயணைப்பு வீரர் ஒருவர் தடித்த கையுறையோடு, புகைக்குள், தண்ணீர் பீய்ச்சியடிக்கும் இடத்தில் நின்று பேச வேண்டும். கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே, மேலே இருக்கும் குமிழ் பெரிதாக இருக்கும். திருகினால் 'டக் டக்' என்று விரலுக்குத் தெரியும். எத்தனையாவது சேனலில் இருக்கிறோம் என்று இருட்டிலேயே எண்ணிக்கொள்ளலாம். பேசும் பொத்தான் அகலமானது. ஒலிபெருக்கி, சைரன் சத்தத்தையும் தாண்டிக் கேட்க வேண்டும் என்று வடிவமைக்கப்பட்டது. கீழே விழும், மழையில் நனையும், வெயிலில் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே கிடக்கும் என்று எதிர்பார்த்தே செய்திருப்பார்கள்.

வெளியே தெரியாத வித்தியாசம் உள்ளே இருக்கிறது. நகரத்தின் நடுவில் நின்றால் டி.வி கோபுரம், எஃப்.எம் நிலையம், பேஜர் கோபுரம் என்று எல்லாத் திசையிலிருந்தும் அலைகள் மோதும். மலிவான கருவியின் காது இந்த இரைச்சலில் அடைத்துக்கொள்ளும். பக்கத்துத் தெருவில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. திருவிழாக் கூட்டத்தில், நான்கு ஸ்பீக்கர் அலறும் இடத்தில், மனைவி கூப்பிடுவது காதில் விழாதது மாதிரி. பொதுப் பாதுகாப்புக்கான கருவிகளில் தேவையற்ற அலைகளை வாசலிலேயே தடுக்கும் வடிகட்டிகள் கண்ணும் கருத்துமாகச் செய்யப்பட்டிருக்கும். தனக்கு வேண்டிய குரலை மட்டும் பிரித்து எடுக்கும். ஒரு முறை நகரத்தின் நடுவே இதைக் கேட்டுப் பழகியவர்கள் மலிவுக் கருவிக்குத் திரும்பத் தயங்குவது இதனால்தான்.

இது புதுப் பழக்கம் இல்லை

ஹாம்கள் கையடக்கக் கருவியை 'எச்.டி' என்றுதான் சொல்வார்கள். 'ஹேண்டி டாக்கி' என்பதன் சுருக்கம் அது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க வீரர்கள் ஒரு கையால் தூக்கிப் பேசிய எஸ்.சி.ஆர்-536 என்ற கருவிக்கு வைத்த பெயர். அதை உருவாக்கிய கால்வின் நிறுவனம்தான் பிற்பாடு மோட்டரோலா என்று பெயர் மாற்றிக்கொண்டது. எடை 2 கிலோவுக்கும் மேல். உள்ளே கண்ணாடி வால்வுகள். ராணுவத்துக்காகப் பிறந்த அந்தப் பெயர், எந்த நிறுவனத்தின் கருவியாக இருந்தாலும் சரி, ஹாம்களின் பேச்சில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1960-களில் இன்னொன்று நடந்தது. போலீஸ், டாக்ஸி நிறுவனங்கள் எல்லாம் ரேடியோ வாங்க வரிசையில் நின்றதால் அலைவரிசைக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒவ்வொருவரும் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தைச் சுருக்கிக்கொள்ளச் சொன்னது அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம். சுருக்க முடியாத பழைய கருவிகள் மூட்டை மூட்டையாக வெளியே வந்தன. அவற்றை அள்ளிக்கொண்டவர்கள் ஹாம்கள். அந்தக் காலக் கருவியில் அலைவரிசையைத் தீர்மானித்தது ஒரு சின்னப் படிகம். அதை மாற்றி, உள்ளே இருக்கும் திருகுகளைச் சரிசெய்து, தங்கள் அலைவரிசைக்குக் கொண்டுவந்தார்கள். 146.94 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒற்றை எண், நாடு முழுக்க ஹாம்கள் சந்திக்கும் தெருமுனை போல ஆனது. இன்று அமெரிக்க நகரங்களில் நிறைந்திருக்கும் ஹாம் ரிப்பீட்டர்களின் தொடக்கமே, டாக்ஸிகளும் போலீஸும் கழித்துப்போட்ட அந்தப் பெட்டிகள்தான்.

வரலாறு அரை நூற்றாண்டு கழித்துத் திரும்பியது. 2013 ஜனவரி 1-க்குள், பொதுப் பாதுகாப்பு, வணிக ரேடியோக்கள் தங்கள் சேனல் அகலத்தை 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 12.5 ஆகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று மறுபடியும் ஆணை வந்தது. மாற முடியாத பழைய மாடல்களுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. ஹாம்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அவர்கள் இன்னும் அகலமான சேனலில்தான் பேசுகிறார்கள். ஆக, ஓரிடத்தில் காலாவதியான கருவி, இன்னோர் இடத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. பழையவை மட்டும்தான் அப்படி. புதிதாக ஓய்வுபெறும் சில கருவிகள் குறுகிய சேனலில் மட்டுமே பேசும்படி பூட்டப்பட்டிருக்கும். அவற்றை ஹாம் ரிப்பீட்டரில் பயன்படுத்தினால் குரல் சன்னமாக, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் கேட்கும். வாங்குபவர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய விஷயங்களில் இதுவும் ஒன்று.

ஆளுக்குத் தேர்வா, கருவிக்கா?

போலீஸ் கருவியில் ஹாம் பேசுவது அங்கே சட்டப்படி சரிதானா என்ற கேள்வி எழும். சரிதான். ஆனால், இதே வசதி மறுபக்கம் இல்லை. ஹாம் கருவியைக் கொண்டுபோய்ப் போலீஸ் அலைவரிசையில் பயன்படுத்த முடியாது. காவல் துறையே விரும்பினாலும் முடியாது.

இந்த ஒருவழிப் பாதைக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்க விதித்தொகுப்பின் 90-வது பகுதி பொதுப் பாதுகாப்பு, வணிக ரேடியோக்களைப் பற்றியது. அங்கே பேசும் காவலர் எந்த மின்னணுத் தேர்வும் எழுதுவதில்லை. பொத்தானை அழுத்திப் பேசத் தெரிந்தால் போதும். அதனால், கருவியைப் பரிசோதித்துச் சான்று கொடுக்கிறார்கள். பக்கத்துச் சேனலில் வழியாது, அலைவரிசை நழுவாது என்று கருவி நிரூபிக்க வேண்டும்.

97-வது பகுதி ஹாம்களைப் பற்றியது. அங்கே தேர்வு எழுதுவது மனிதர். கருவிக்குப் பொதுவாகச் சான்று கேட்பதில்லை. சொந்தமாகச் சால்டரிங் செய்து உருவாக்கியதாக இருக்கலாம், போர்க்காலப் பெட்டியாக இருக்கலாம், போலீஸ் கழித்ததாக இருக்கலாம். அதிலிருந்து வெளியே போகும் அலை சுத்தமாக இருக்க வேண்டியது உரிமம் வைத்திருப்பவரின் பொறுப்பு. தப்பு நடந்தால் 'கருவி அப்படி' என்று கையைக் காட்ட முடியாது.

சான்று பெற்ற கருவியும் தேர்வு எழுதிய மனிதரும் ஒரே இடத்தில் சந்திப்பதால்தான் இந்தக் கூட்டணி இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. கூட்டணி எங்கே கெட்டுப்போகும் என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது.

மேஜைக்கு வந்த பிறகு

ஒரு ஹாம் இப்படி ஒரு கருவியை வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பொட்டலத்தைப் பிரித்தவுடன் பேசிவிட முடியாது. முதல் ஏமாற்றமே அலைவரிசையில் காத்திருக்கும். அழகாக, புதுக்கருக்கு அழியாமல் கிடைக்கும் கருவிகளில் நிறைய 700, 800 மெகாஹெர்ட்ஸ் வகையைச் சேர்ந்தவை. நகரத்துப் போலீஸ் துறைகள் அதிகம் பயன்படுத்தியது அதைத்தான். அந்த இடத்தில் ஹாம்களுக்கு அலைவரிசையே கிடையாது. அலமாரியில் அழகுக்கு வைக்கலாம். 450-க்கு மேல் தொடங்கும் வகையும் சிக்கல்தான். ஹாம்களின் எல்லை 450-லேயே முடிகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்று போலவே இருக்கும். பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை எழுத்து எழுத்தாகப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது சேனல் பதிவது. ஹாம் கருவியில் எண்ணைத் தட்டினால் அலைவரிசை மாறும். போலீஸ் கருவியில் மாறாது. மாறக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். கைகலப்பின் நடுவே காவலரின் விரல் பட்டு அலைவரிசை மாறிவிட்டால் ஓர் உயிர் போகலாம். அதனால் எல்லாவற்றையும் கணினி வழியாக, தனி கேபிள், தனி சாஃப்ட்வேர் கொண்டு உள்ளே எழுதிப் பூட்டிவிடுவார்கள். சாஃப்ட்வேரை முறையாக உரிமம் பெற்று வாங்க வேண்டும். பழைய மாடல்களின் சாஃப்ட்வேர் 'டாஸ்' காலத்தது. புதிய கணினியில் ஓடாது. இதற்காகவே தொண்ணூறுகளின் மடிக்கணினி ஒன்றைப் பரணில் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் ஹாம்கள் உண்டு. 'அதையாவது பழைய பேப்பர்காரனிடம் போடலாமா' என்ற கேள்வி எந்த நாட்டு மனைவிக்கும் வரத்தானே செய்யும்!

16 சேனல் குமிழ் கொண்ட கருவி என்றால், தன் ஊர் ரிப்பீட்டர்கள், பக்கத்து ஊர் ரிப்பீட்டர்கள், வானிலை அறிவிப்பு என்று உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டும். ஒவ்வொரு ரிப்பீட்டருக்கும் வாங்கும் அலைவரிசை ஒன்று, அனுப்பும் அலைவரிசை ஒன்று. கூடவே, காதுக்குக் கேட்காத மெல்லிய ஒரு தொனி. கதவைத் திறக்கும் சாவி போல அந்தத் தொனி போனால்தான் ரிப்பீட்டர் திறக்கும். இதில் ஒன்று தப்பினாலும் ஊமைப்படம்தான். வெளியூர் போனால் அங்கே உள்ள ரிப்பீட்டரை நடுவழியில் சேர்த்துக்கொள்ளவும் முடியாது. அதனால் பயணத்துக்கு ஹாம் கருவி, உள்ளூர் பணிக்குப் போலீஸ் கருவி என்று இரண்டையும் வைத்துக்கொள்கிறவர்கள் நிறைய.

பேட்டரி தனிக்கதை. ஏலத்துக்கு வரும் கருவியோடு வருவது பெரும்பாலும் உயிர் போன பேட்டரி. புதியது வாங்கினால், சில நேரம் கருவியின் விலையைத் தொட்டுவிடும். ஆன்டெனாவும் கவனிக்க வேண்டியது. துறைகள் பயன்படுத்திய ஆன்டெனா பெரும்பாலும் 150 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே பொருந்தும் அளவில் இருக்கும். 146-க்கு அதைவிடச் சற்று நீளமானது வேண்டும். பத்து டாலரில் முடியும் இந்த மாற்றத்தைச் செய்யாமல், 'போலீஸ் செட் என்றார்கள், கேட்கவே இல்லையே' என்று குறைபடுவதில் அர்த்தமில்லை.

அந்த ஆரஞ்சுப் பொத்தான்

கருவியின் தலையில், ஆன்டெனாவுக்குப் பக்கத்தில், சிறியதாக ஓர் ஆரஞ்சு நிறப் பொத்தான் இருக்கும். ஆபத்தில் மாட்டிய காவலர் அதை அழுத்தினால், பேசாமலேயே கட்டுப்பாட்டு அறைக்கு அவசர சமிக்ஞை போகும். இன்ன எண்ணுள்ள கருவி, இன்னாருடையது என்று அங்கே திரையில் தெரியும். பக்கத்தில் இருக்கும் காவலர்கள் போட்டது போட்டபடி ஓடிவருவார்கள்.

ஏலத்துக்கு அனுப்பும்போது எல்லாத் துறைகளும் கருவியின் நினைவை அழித்து அனுப்புவதில்லை. பழைய ஊரின் அலைவரிசை, பழைய காவலரின் எண் எல்லாம் உள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கலாம். வாங்கியவரோ, அவர் வீட்டுப் பேரனோ விளையாட்டாக அந்தப் பொத்தானை அழுத்தினால்? அதே ஊராக இருந்தால், ஓய்வுபெற்ற காவலர் ஒருவரின் எண்ணிலிருந்து உதவி கேட்டு அழைப்பு போகும். உண்மையிலேயே ஆபத்தில் இருக்கும் ஒருவர் பேச வேண்டிய சேனல், அந்த நிமிடம் அடைபட்டுப் போகும்.

அதனால், பொறுப்பான ஹாம் முதலில் செய்வது பொத்தானை அழுத்திப் பேசிப் பார்ப்பது அல்ல. கணினியோடு இணைத்து, பழைய நினைவு முழுவதையும் அழித்து, தன் அழைப்புக்குறியும் தன் அலைவரிசைகளும் மட்டும் இருக்கும்படி எழுதுவது. ஆரஞ்சுப் பொத்தானுக்கு எந்த வேலையும் இல்லாமல் செய்துவிடுவார். இல்லையென்றால் திரையின் விளக்கை எரியவைப்பது போன்ற சாதுவான வேலை எதையாவது கொடுப்பார்.

ரகசியக் குறியாக்கமும் அப்படித்தான். பொதுப் பாதுகாப்புக் கருவிகள் பலவற்றில் பேச்சைப் பூட்டி அனுப்பும் வசதி உண்டு. ஹாம் அலைவரிசையில் அதற்கு அனுமதியில்லை. அர்த்தத்தை மறைக்கும் நோக்கத்தோடு பேசக் கூடாது என்பது விதி. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்ற திறந்த திண்ணைதான் ஹாம் ரேடியோ. பேசுகிறவர் 10 நிமிடத்துக்கு ஒருமுறையும், பேச்சை முடிக்கும்போதும் தன் அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும். முகம் மறைத்துப் பேச இங்கே இடமில்லை.

டிஜிட்டலுக்குத் தடை இல்லை. 1989-ல் தொடங்கப்பட்ட 'பி-25' என்ற திட்டத்தின் கீழ், வெவ்வேறு நிறுவனங்களின் போலீஸ் கருவிகள் ஒன்றோடொன்று பேசும்படி ஒரு பொது டிஜிட்டல் முறை உருவானது. அந்தக் கருவிகளும் ஓய்வுபெற்று வந்ததும், ஹாம்கள் தங்களுக்கென்று பி-25 ரிப்பீட்டர்களை நிறுவிக்கொண்டார்கள். சிக்னல் இருக்கும்வரை குரல் சுத்தமாக வரும். குறைந்தால் மெல்ல மங்காது, மலை விளிம்பிலிருந்து விழுவது போல் சட்டென்று அறுந்துவிடும். பழைய அனலாகில் இரைச்சல் கூடினாலும், பழகிய காது அதற்குள்ளிருந்து இரண்டு வார்த்தையைப் பொறுக்கிவிடும். அதனாலேயே இன்றும் அனலாகை விடாதவர்கள் இருக்கிறார்கள்.

கருவி வந்தால் அதிகாரமும் வந்துவிடுமா?

ஹாம்களுக்குள்ளேயே கேலிக்கு ஆளாகும் ஒரு கூட்டம் உண்டு. போலீஸ் செட் கைக்கு வந்ததும் இடுப்பில் மாட்டிக்கொண்டு, தோளில் மைக்கைக் கோத்து, ஒளிரும் மேல்சட்டை போட்டு, விபத்து நடந்த இடத்துக்குப் போய்க் கூட்டத்தை ஒதுக்க ஆரம்பிப்பவர்கள். அடுத்த படி, போலீஸ் அலைவரிசையையும் உள்ளே எழுதி வைத்துக்கொள்வது. 'கேட்கத்தான், பேச மாட்டேன்' என்பார்கள். ஒருநாள் பதற்றத்தில் விரல் பொத்தானில் பட்டுவிடும். அனுமதியில்லாமல் அங்கே பேசினால் அபராதம் உண்டு, வழக்கு உண்டு, ஹாம் உரிமமே போகலாம். அதற்கும் மேலே, யாரோ ஒருவருடைய உயிர்க் குரலை மறித்த பழி.

இதே கருவியைக் கையில் வைத்துக்கொண்டு உண்மையிலேயே பயன்பட்டவர்கள் எப்படி இருந்தார்கள் என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். பாஸ்டன் மாரத்தான் ஓட்டத்தில் ஹாம்கள் ஆண்டுதோறும் தன்னார்வலர்களாக நிற்பது வழக்கம். எந்த மருத்துவக் கூடாரத்தில் தண்ணீர் தீர்ந்தது, ஓட முடியாதவர்களை ஏற்றி வரும் பேருந்து எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வதுதான் வேலை. 2013 ஏப்ரல் 15 அன்று ஓட்டம் முடியும் இடத்தின் அருகே குண்டுகள் வெடித்தன. எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் பேச முயன்றதில் செல்போன் வலைப்பின்னல் திணறியது. வழி நெடுக நின்ற ஹாம்களின் ரேடியோ திணறவில்லை. அவர்கள் போலீஸ் வேலை பார்க்கவில்லை. நின்ற இடத்தில் நின்று, தங்களிடம் கேட்கப்பட்ட தகவலைத் தங்கள் அலைவரிசையில் கடத்திக்கொண்டிருந்தார்கள்.

2017-ல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவின் மின்சாரத்தையும் தொலைபேசியையும் வாரிச் சுருட்டிப்போட்டபோது, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஹாம் அமைப்பிடம் 50 தன்னார்வலர்கள் வேண்டும் என்று கேட்டது. நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2004 டிசம்பரில் அந்தமானில் ஹாம் நிலையம் அமைத்துப் பேசிக்கொண்டிருந்த பாரதி பிரசாத் குழுவினர், சுனாமி தாக்கியதும் பொழுதுபோக்கை அப்படியே நிறுத்திவிட்டு, தீவுக்கும் வெளியுலகுக்கும் இடையே செய்தி கடத்தும் வேலையில் இறங்கினார்கள். அவர்களிடம் இருந்தது போலீஸ் செட் இல்லை. ஆனால், இந்த விஷயத்தில் கருவி இரண்டாம்பட்சம்தான்.

இங்கே என்ன நிலை?

இதைப் படித்துவிட்டு இணையத்தில் ஒரு வாக்கி டாக்கிக்கு ஆர்டர் போட விரல் நீண்டால், ஒரு நிமிடம் நிறுத்தவும். அமெரிக்க நடைமுறை இங்கே அப்படியே பொருந்தாது.

இந்தியாவில் ஹாம் ரேடியோவுக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உரிமம் கொடுக்கிறது. 12 வயது நிறைந்தவர் தேர்வு எழுதலாம். உரிமம் இல்லாமல் இப்படிப்பட்ட கருவியை வைத்துப் பேசுவது குற்றம். அலைவரிசையின் எல்லையும் வேறு. அங்கே 144 முதல் 148 வரை என்றால், இங்கே ஹாம்களுக்கு 144 முதல் 146 வரைதான். அமெரிக்காவில் தாத்தாக்கள் அரட்டை அடிக்கும் 146.94-ல் இங்கே ஓர் ஹாம் பேசினால், அது அவருக்கு ஒதுக்கப்படாத இடத்துக்குள் நுழைவது. மேலே உள்ள அலைவரிசையிலும் இங்கே 434 முதல் 438 வரை மட்டுமே. வெளிநாட்டிலிருந்து உறவினர் அன்பாக வாங்கிவரும் கருவியாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. கொண்டுவரும் முன்பே அனுமதி பற்றி விசாரித்துவிடுவது நல்லது.

உரிமம் பற்றிய விவரமே இல்லாமல் வாக்கி டாக்கிகளை விற்றதற்காக, 2025-ல் இணைய விற்பனைத் தளங்கள் பலவற்றுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. 'கடையில் விற்கிறார்களே, வாங்கினால் என்ன' என்ற சமாதானம் செல்லாது. குழந்தைக்கு ஆசை இருந்தால் முதலில் வாங்கித்தர வேண்டியது கருவி அல்ல, தேர்வுக்கான புத்தகம். பெரிய நகரங்களில் இருக்கும் ஹாம் சங்கங்கள் வகுப்பு எடுக்கின்றன. அங்கே போனால், உரிமம் வைத்திருப்பவரின் கண்காணிப்பில் மைக்கைப் பிடித்துப் பார்க்கவும் வாய்ப்புக் கிடைக்கும்.

வருகைப் பதிவு

அமெரிக்க ஊர்களில் ஹாம் சங்கங்கள் பலவும் வாரம் ஒருநாள், குறிப்பிட்ட நேரத்தில் 'நெட்' நடத்துகின்றன. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவு மாதிரிதான். ஒருவர் ரிப்பீட்டரில் வந்து அழைப்பார். மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் அழைப்புக்குறியைச் சொல்லி, 'நலம், சேதி ஒன்றும் இல்லை' என்பார்கள். வெளியிலிருந்து கேட்பவருக்கு இதில் என்ன சுவாரஸ்யம் என்று தோன்றும். யாருடைய பேட்டரி இறங்கிவிட்டது, யாருடைய குரல் தேய்கிறது, தனியாக இருக்கும் எந்தப் பெரியவர் இரண்டு வாரமாக வரவில்லை என்பதெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். வராதவர் வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

ஒரு காலத்தில் 'உடனே வரவும்' என்ற கட்டளைகளை மட்டுமே கேட்டுப் பழகிய அந்தக் கறுப்புப் பெட்டி, இப்போது சமையலறை மேடையில் சார்ஜரில் உட்கார்ந்து இந்த வருகைப் பதிவைக் கேட்டுக்கொண்டிருக்கும். முறை வரும்போது அதை எடுத்து, பொத்தானை அழுத்தி, ஒரு நொடி பொறுத்துப் பேச வேண்டும். இல்லையென்றால் முதல் வார்த்தை விழுங்கப்பட்டுவிடும். காவலருக்கும் இதையேதான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். முதலில் கேள், அப்புறம் அழுத்து, சுருக்கமாகப் பேசு, கையை எடு. அடுத்தவர் பேசக் காத்திருக்கிறார்.